பறவை சரி, இடம் சந்தேகம்

என் வீட்டுக்காரர் கேசவன் எதையும் முதல் பார்வையில் நம்புகிற ஆள் இல்லை. பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் வண்டி வருகிறது என்று மைக்கில் சொன்னால், பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்டுவார். எனக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டினால், அதை உதறிக் கழுவித் தன் அக்குளில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார். தெர்மாமீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமாம். நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பேன். இந்த மனுஷனோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியதற்கே யாராவது எனக்கு மாலை போட வேண்டும்.

வேலையும் குணத்துக்கு ஏற்ற வேலைதான். மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை. கடைசி மேஜை இவருடையது. இவர் பார்த்து விட்டால் அந்த இரும்புத் துண்டு ஏதோ ஒரு வண்டிக்குள் போய்விடும். அதில் மயிரிழை விரிசல் இருந்தால் எங்கேயோ ஒருவன் பிரேக்கை மிதிக்கும்போது வண்டி நிற்காது. அதனால் எல்லாத் துண்டும் இவர் கண்ணுக்குக் குற்றவாளி. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகே தள்ளிவிடுவார். சந்தேகம் வந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவார். மறுநாள் காலை ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டியில் இருப்பதை எல்லாம் இன்னொரு தடவை பார்ப்பார். களைத்துப்போன கண்ணையும் அவர் நம்புவதில்லை.

பறவைகள் வந்து சேர்ந்தது கம்பெனி பஸ்ஸால். விடியற்காலை ஆறு மணி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கத்து ஏரிகளில் நிற்கிற கொக்கையும் தாரா வாத்தையும் பார்த்துக்கொண்டே போனவர், ஒருநாள் பைனாகுலர் வாங்கி வந்தார். பிறகு புத்தகம் வந்தது. பிறகு எங்கள் மாவட்டத்தில் பறவை பார்க்கிறவர்கள் நூற்றைம்பது பேர் சேர்ந்த வாட்ஸப் குழு வந்தது. அந்தக் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் யார், எங்கே, எந்தத் தேதியில், எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்கிற பட்டியல். நல்ல கேமராவில் எடுத்த தெளிவான படம் என்றால் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லிவிடலாம். மோசமான படங்களுக்குத்தான் கேசவன்.

எத்தனை விதமான மோசம் என்று எனக்கே இப்போது அத்துப்படி. ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்தது. எதிர்வெயிலில் எடுத்துப் பறவை வெறும் கரியாகத் தெரிவது. கேமராவின் பின்பக்கத் திரையை ஃபோனால் படம் பிடித்து, அதில் பறவையோடு எடுத்தவரின் கட்டைவிரலும் சேர்ந்து வருவது. கருங்கழுகு என்று ஒருவர் ஆர்வமாக அனுப்பினார். மின்கம்பியில் மாட்டிக்கொண்ட பாலித்தீன் கவர். ஆந்தை என்று வந்தது பனைமரத்துப் பன்னாடை. கேசவன் சிரிக்கமாட்டார். "பறவை அல்ல. நிராகரிக்கப்பட்டது" என்று எழுதுவார். அனுப்பியவர் முகம் எப்படிப் போகும் என்பதெல்லாம் அவருக்குத் தோன்றாது.

அவர் பார்க்கும் விதமே வேறு. நாமெல்லாம் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்குவோம். அவர் சின்னதாக்குவார். ஃபோனைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு எட்டடி தள்ளிப் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், தூரத்தில் நின்றால்தான் நிற்கிற தோரணை தெரியும் என்பார். பக்கத்தில் மாடோ கம்பமோ காக்கையோ இருந்தால் அதை வைத்து உயரம் அளப்பார். முதலில் இது எது இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வருவார். கடைசியில் அடிக்க முடியாமல் ஒன்று நிற்கும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து எங்கள் மகள் சஹானா, "ரூமில் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு படம் அனுப்பினாள். "உன் ரூம் ஜன்னல் வலப்பக்கம். வெளிச்சம் இடப்பக்கத்துல இருந்து வருது. எங்க கீற?" என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு அவள் எனக்கு மட்டும்தான் படம் அனுப்புகிறாள்.

இவ்வளவு பார்க்கிறவரையும் ஒருவன் ஏமாற்றினான். ரஞ்சித்குமார் என்று சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கிற ஆள், தையூர்ப் பக்கத்து ஏரியில் எடுத்ததாக ஒரு வாத்துப் படம் அனுப்பினான். ஆடிப்போன படம். நம் பக்கமே வராத வாத்து. கேசவன் மூன்று நாள் தூங்காமல் பார்த்து, பறவை சரி என்று பட்டியலில் ஏற்றினார். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு வெளிநாட்டு இணையப் பக்கத்தில் அதே வாத்தைக் கண்டுபிடித்தார்கள், பளிச்சென்று. ரஞ்சித்குமார் அதை எடுத்து வேண்டுமென்றே மங்கலாக்கி அனுப்பியிருக்கிறான். பந்தயமாம். குழுவில் ஒரு வாரம் சிரிப்பு. கேசவன் அந்த வரியைப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டு, அன்றிலிருந்து பறவையைப் பார்ப்பதற்கு முன்னால் அனுப்பியவர் யார் என்று பார்க்க ஆரம்பித்தார்.

"தெளிவான படம் பொய் சொல்ல பயப்படும், சுஜா. மங்கலான படத்துக்குப் பயமே கெடயாது" என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் ஜெபாவைக் கொண்டுபோய் விட்டேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு அலுவலக வேலை. ஜெபா அங்கே நூலக உதவியாளர். கோவளத்துப் பெண். அவள் அப்பாவும் அண்ணனும் படகில் போகிறவர்கள். ஐந்து வருஷமாக மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கும் என் மேஜையில்தான். என் வீட்டுக்காரரின் கூத்துகளைச் சொல்லிச் சொல்லி அவளைச் சிரிக்க வைப்பேன். கேட்டுக் கேட்டு அவளுக்கே ஆசை வந்துவிட்டது. காலையில் கோவளத்துக் கழிமுகத்தின் கரையில் நடந்து போய்விட்டுப் பஸ் ஏறுவாள். பழைய ஃபோனில் ஏதாவது எடுத்து வந்து காட்டுவாள். "இது இன்னாக்கா?" என்பாள். நான்தான் அவளைக் குழுவில் சேர்த்துவிடச் சொன்னேன். அவள் பெயர் பட்டியலில் ஏறியது மூன்றே தடவை. மூன்றும் சாதாரணப் பறவைகள். அந்த மூன்று வரியையும் படம் பிடித்துத் தன் அப்பாவுக்குக் காட்டினாளாம்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கேசவனும் கோவளம் போயிருந்தோம். கழிமுகத்தில் தண்ணீர் ததும்பி நின்றது. கரைப் புல் வரைக்கும் தண்ணீர். சேற்றில் மேய்கிற பறவைகளுக்கு நிற்க இடமே இல்லை. நாலு நீர்க்காகம் மட்டும் கம்பத்தில் இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தன. கேசவன் நோட்டில், "நீர் முழு மட்டம். சேறு இல்லை" என்று எழுதிக்கொண்டார். அவர் போகிற இடமெல்லாம் தண்ணீர் மட்டம் எழுதுவார். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரித் தண்ணீரைப் பார்த்து நெல்லா உளுந்தா என்று முடிவு செய்து வளர்ந்தவர்.

நாலு நாள் கழித்து வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெபா குழுவில் மூன்று படங்கள் போட்டாள். "கோவளம், இன்று காலை 6.30. இது என்ன பறவை சார்?" என்று கீழே எழுதியிருந்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஃபோனில் இழுத்து எடுத்ததால் எல்லாம் கலங்கியிருந்தது. பரந்த சேறு, சாய்ந்த ஒரு சவுக்குக் கம்பு, ஒரு வெள்ளைக் கொக்கு, கொஞ்சம் தள்ளிக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று. நெடுங்கால் உள்ளான் என்று குழுவில் பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். எந்தக் குட்டையிலும் நிற்கிற பறவை அது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

கம்பெனியில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேசவன் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் படத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். ஃபோனைச் சுவரோரம் வைத்தார்.

"சுஜா, இங்க வா. கிட்ட வராத. தள்ளி நின்னு பாரு. இன்னா தெரியுது?"

"நெடுங்கால்தான். நீட்டுக் காலு, கறுப்பு வெள்ள."

"மூக்கு தெரியுதா?"

"தெரியுது. கறுப்பா, தடிப்பா."

"நெடுங்காலுக்கு மூக்கு ஊசி மாதிரி இருக்கும். இவ்ளோ ஆடிப்போன படத்துல ஊசி நிக்குமா? கரஞ்சி பூடும். இது கரையல. மொத்தமா நிக்குது. கொக்கப் பாரு, உயரத்தப் பாரு. கொக்குக்குக் கொஞ்சந்தான் கம்மி."

அவர் குரலே மாறியிருந்தது. காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றாக எழுதி அடித்தார். அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. நண்டுதின்னி. சேற்றில் நண்டு பிடித்துத் தின்கிற பறவை. தெற்கே ராமநாதபுரம் கடற்கரையில் குளிர்காலத்தில் வரும். எங்கள் மாவட்டப் பட்டியலில் அது கிடையாது. கேசவன் இருபது வருஷத்தில் ஒருமுறையும் பார்த்ததில்லை. அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எழுந்து முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது அந்த முகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டு கையில் இருந்தது.

"நாலு நாளுக்கு முன்ன நம்ம பாத்தோம். சேறு எங்க இருந்துச்சு?"

"இல்ல."

"நாலு நாள்ல ஏரில எவ்ளோ தண்ணி எறங்கும்? மதகத் தெறந்து வுட்டாக்கூட நாலு வெரல்தான் எறங்கும். இடுப்பளவு தண்ணி நின்ன எடத்துல எப்டி சேறு வரும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. படத்தை மறுபடி பார்த்தேன். சேறு சேறாகத்தான் இருந்தது. அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"கிறிஸ்மஸுக்கு மண்டபம் போயிருந்தா. அவ அக்கா வூடு அங்கதான். கடற்கரையில நின்னு ஸ்டேட்டஸ்லாம் போட்டிருந்தா."

மண்டபம் இருப்பது ராமநாதபுரம் கடற்கரையில். கேசவன் நோட்டை மூடினார்.

அவர் ஜெபாவிடம் தனியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஃபோனில் இருக்கிற அசல் படத்தை அனுப்ப முடியுமா என்று. அசலில் தேதி ஒட்டியிருக்கும். வாட்ஸப்பில் வந்தால் அது போய்விடும். ஃபோனில் இடம் பற்றவில்லை, குழுவில் போட்டதும் அழித்துவிட்டேன் என்று ஜெபா பதில் போட்டாள். ரஞ்சித்குமாரும் இதையேதான் சொல்லியிருந்தான். கேசவன் அதற்குமேல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. குழுவில் எழுதினார்.

"பறவை நண்டுதின்னி. அதில் ஐயமில்லை. ஆனால் இடம் கோவளம் என்பதை ஏற்க இயலாது. ஞாயிறன்று கோவளத்தில் நீர் முழு மட்டம், சேறு இல்லை. அனுப்பியவர் டிசம்பரில் மண்டபம் சென்று வந்துள்ளார். நிராகரிக்கப்பட்டது."

நூற்றைம்பது பேர் படித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அபிஷேக் என்கிற கல்லூரிப் பையன், "இன்னொரு வாத்தா?" என்று கேட்டான். பத்து நிமிஷத்தில் ஜெபா குழுவை விட்டு வெளியேறினாள் என்று திரையில் வந்தது. "பாத்தியா?" என்றார் கேசவன். நான் தலையாட்டினேன்.

மறுநாள் மதியம் ஜெபா வழக்கம்போல என் மேஜைக்கு வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. தப்புச் செய்யாதவள் என்றால் சண்டை போட வேண்டாமா? ஐந்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளை ஒரே ராத்திரியில் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அவள் ஃபோன் மேஜைமேல் இருந்தது. அது அதிர்ந்தபோது யார் என்று எட்டிப் பார்த்தேன். வாத்துக்காரன் பந்தயத்துக்குச் செய்தான், இவள் எதற்குச் செய்திருப்பாள் என்று யோசித்தேன். அப்பாவிடம் காட்ட நாலாவது வரி வேண்டும் என்று செய்திருக்கலாம். அப்படி நினைத்ததும் அவள்மேல் இரக்கம்கூட வந்தது. அவளுக்கு ஒரு வழி காட்டுவதாக நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஜெபா, மண்டபத்துல எடுத்த படம் ஏதாச்சும் தப்பிப்போய் கலந்துடுச்சா? அப்டி இருந்தா சொல்லு, நான் அவராண்ட பேசறேன்."

அவள் கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள்.

"நேத்து அவரு எழுதனாரு. இன்னிக்கு நீங்க கேக்கறீங்க" என்றாள். மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்கு, நூலகத்துக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நல்லதுக்குத்தானே கேட்டேன் என்று மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி கேசவன் மறுபடி அந்தப் படத்தைச் சுவரோரம் வைத்தார். நிராகரித்ததை இன்னொரு தடவை பார்க்கிற பழக்கம் போகுமா? இந்தத் தடவை பறவையைப் பார்க்கவில்லை.

"இந்தக் கம்பு சாஞ்சி கீது. நுனில ஏதோ வெள்ளத் துணி கட்டி கீது. இது கோவளத்துல இருந்தா பொய் இல்ல. இல்லன்னா பொய். நாளைக்குப் பாத்துட்டு வந்துடலாம்."

"அவதான் பொய் சொல்றான்னு எழுதிட்டீங்களே."

"எழுதனது நான்தான. நான் தப்பா எழுதியிருந்தா?"

ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் கழிமுகத்துக் கரையில் இறங்கினோம். எனக்கு ஒரு நிமிஷம் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. போன வாரம் புல்லைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் நூறடிக்கு உள்ளே போயிருந்தது. நடுவில் எல்லாம் சேறு. கறுத்து, பளபளத்து, நண்டு வளைகள் நிறைந்த சேறு. அதில் நூற்றுக்கணக்கில் உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் ஒரு சவுக்குக் கம்பு சாய்ந்து நின்றது. நுனியில் வெள்ளைச் சாக்குத் துண்டு.

கேசவன் பைனாகுலரை இறக்கவே இல்லை. பக்கத்தில் சுப்பிரமணி என்கிற படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஜெபா வீட்டுத் தெருக்காரர் என்று பிறகு தெரிந்தது. நான்தான் அவரிடம் போய்க் கேட்டேன், தண்ணீர் எங்கே போயிற்று என்று.

"கடலுக்குத்தான். வேற எங்க போவும்?"

"போன ஞாத்திக்கெழம நெறய இருந்துச்சே."

"மொகத்துவாரம் அடச்சிகினு இருந்துச்சும்மா. கடல் மணலக் கொண்டாந்து கொட்டி வாய மூடிடும். தண்ணி வெளிய போவ வழி இல்லாம உள்ள ஏறிகினே இருந்துச்சு. படகு போவ முடில, தெருவுக்கெல்லாம் தண்ணி வந்துடுச்சி. செவ்வாக்கெழம ஊர் கூடி ஜேசிபி வச்சி வெட்டி வுட்டோம். ரெண்டே நாள்ல மொத்தமா வடிஞ்சிடுச்சி."

கேசவன் திரும்பினார். "அப்டி வெட்றது உண்டா?"

"இன்னா சார் புச்சா கேக்கறீங்க? அடச்சிக்கும்போதெல்லாம் வெட்டுவோம். எங்க தாத்தா காலத்துல மம்முட்டியால வெட்னாங்க. இப்ப ஜேசிபி."

கேசவன் அப்படியே மணலில் உட்கார்ந்தார். ஏரி ஏரியாகச் சுற்றிய மனுஷர், ஆயிரம் மதகு பார்த்தவர், கடல் ஓரத்துத் தண்ணீர் கடலுக்கே ஓடிவிடும் என்று யோசிக்கவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நானும் உள்நாட்டுக்காரி.

"வியாழக்கெழமயே போங்கன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா, வெள்ளிக்கெழம இருவது பேரு பாத்திருப்பாங்க" என்றார்.

மூன்று மணி நேரம் தேடினார். பேன்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனார். நண்டுதின்னி இல்லை. வெயில் ஏறியதும் கரைக்கு வந்து, செருப்பில் சேற்றோடு, "ஜெபா வூடு எங்க?" என்று கேட்டார்.

தேவாலயத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு. பூசை முடிந்து வந்த புடவையோடு ஜெபா வாசலில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கேசவனும் எதிர்பார்க்கவில்லை. தெருவில் நின்றபடியே பேசினார்.

"ஜெபாம்மா, தப்பு என்னுது. மொகத்துவாரம் வெட்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் பாக்கல. உன்ன பொய்க்காரின்னு நூத்தம்பது பேருக்கு முன்னால எழுதிட்டேன். அவங்க முன்னாலயே திருத்தறேன்."

அங்கேயே ஃபோனை எடுத்துத் தட்டச்சு செய்தார். பெரிய விரல், மெதுவாகத்தான் வரும். முடித்ததும் அவளுக்குப் படித்துக் காட்டினார். "கோவளம், நண்டுதின்னி, ஒன்று. நேரில் சென்று இடத்தைச் சரிபார்த்தேன். ஜெபா சொன்னது முழுவதும் உண்மை. நான் எழுதியது முழுவதும் தவறு. விசாரிக்காமல் எழுதினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." பொத்தானை அழுத்திவிட்டு, "பட்டியல்ல உன் பேரப் போடலாமா? நீ வேணான்னா போடமாட்டேன்" என்றார்.

ஜெபா குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், சார். தண்ணி எப்டி எறங்கிச்சின்னு ஒருத்தரும் என்னக் கேக்கல."

"ஆமா. கேக்கல."

"மெய்யாலுமே அது நம்ம பக்கம் வராத பறவையா?"

"இந்த மாவட்டத்துல நீதான் மொதல்ல பாத்த. எனக்குத் தெரிஞ்சி வேற யாரும் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நல்லா நண்டப் புடிச்சி, கால ஒடச்சி ஒடச்சி துன்னுச்சி, சார்" என்றாள். கேசவன் அது எந்தக் காலில் நின்றது, எப்படி நடந்தது, எந்தப் பக்கம் பறந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். இடையில் ஒரு இடத்தில், "அது நெசமா, நல்லா யோசிச்சிச் சொல்லு" என்றுகூடக் கேட்டார். மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. யோசித்து, "நெசம்தான் சார்" என்றாள். பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

கேசவன் செருப்பைக் கழுவத் தெருக் குழாய்க்குப் போனார். எனக்கு மனசு லேசாகியிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கு உனக்குப் புடிச்ச காரக்கொழம்பு எடுத்தாறேன்" என்றேன். "இவருகூட இத்தினி வருசம் இருந்து எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிகிச்சி, ஜெபா. மனசுல வச்சிக்காத."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்தபடியே விட்டுவைத்தாள்.

"அவரு மேல எனக்கு வருத்தம் இல்லக்கா. அவரு யாரயும் நம்பறது இல்ல. என்னயும் நம்பல. நீங்க எல்லாரயும் நம்பறவங்க. ஊர்ல யாரு இன்னா சொன்னாலும் உச்சுக் கொட்டுவீங்க. என்கூட அஞ்சு வருசம் துன்னுட்டு, என்ன மட்டும்தான் நம்பல."

நான் அவள் கையை விட்டேன்.

"மண்டபம் போனத அவருக்குச் சொன்னது நீங்கதான" என்றாள். கேள்வியாகக்கூட அவள் கேட்கவில்லை.

கேசவன் ஈரச் செருப்போடு வந்து நின்றார். அவள் அவரிடம், "பாத்துப் போங்க சார்" என்று சொன்னாள்.

பட்டியலில் அந்த வரி ஏறிவிட்டது. அவர் சொல்லி அவள் குழுவுக்குத் திரும்பிவிட்டாள். வாரம் இரண்டு மோசமான படம் அனுப்புகிறாள். அவரும் சளைக்காமல் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக நான் கேலி செய்த மனுஷர், தெருவில் நின்று தப்பை ஒத்துக்கொண்டார். நான் அன்றைக்கும் அவர் தலையில் பழியைப் போட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை, சொன்னபடி காரக்குழம்பு கொண்டுபோனேன். ஒன்றரை மணி வரை காத்திருந்தேன். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். நூலகத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஜெபா அங்கே வேலை பார்க்கிற திவ்யாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து, "இன்னாக்கா, ஏதாச்சும் புக்கு வேணுமா?" என்று கேட்டாள்.